ஜெட் பயிற்சிக்குப் பணங் கட்டவேண்டியவர் யார்?

(சங்கத்தின் ஆண்டு விழாவில், இளைஞர் அரங்கில் நிகழ்த்திய பேச்சு)

 

இளைஞரும் தொழிலும் என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் நம்மைப் பணித்தார். அது பெரிய பொருள். அதிலே ஒரு சிறு மூலையை மாத்திரம் எடுத்துக்கொண்டு இம்மேடைக்கு வந்திருக்கிறோம். புதிதாக வேலைக்குச் சேரும் விமானமோட்டி, ஜெட் விமானத்தை ஓட்டப் பழகுவதற்கு ஆகும் பெருஞ் செலவைத் தாமே ஏற்கவேண்டுமா, அன்றி அவரை வேலைக்கு வைத்துக்கொள்ளும் கம்பனி ஏற்கவேண்டுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட வினா.

பொருளைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. உப்புவெளியில் வள்ளத்துக்கு எண்ணெய் வாங்கக் காசில்லாமல் இருக்கையில், இந்தப் பிள்ளை ஆகாயவிமானத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டதே என்று எண்ணுகிறீர்கள் போலும். எண்ணுவதில் பிழையில்லை. ஆயினும் விமானம் நமக்கு அத்துணைத் தூரத்துப் பொருளன்று. துறைமுகத்துக்கு அப்பால் சீனக்குடாவில் ஓடுபாதை இருக்கிறது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் தேதி காலையில் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியபோது, பிரித்தானிய விமானப்படையின் 261ஆவது அணியினர் ஹரிக்கேன் விமானங்களில் ஏறி அங்கிருந்தே எதிர்த்தெழுந்தனர். நிலாவெளி வீதியில் நாம் நாள்தோறும் சைக்கிளில் கடந்து செல்லும் யுத்த மயானத்துள் ஒருமுறை நுழைந்து, கற்களிலே பொறித்திருக்கும் வயதுகளைப் படித்துப் பாருங்கள். இருபது, இருபத்தொன்று, இருபத்துமூன்று என்று வரும். இங்கே பின்வரிசையில் நிற்கும் நம் தோழர்களின் வயது.

அக்காலத்தில் விமானமோட்டப் பழகிய இளைஞரின் தகப்பனார் எவரும் அதற்காகக் காணியை ஈடுவைத்ததில்லை. 1939இல் பிரித்தானியாவும் கனடாவும் அவுஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உடன்படிக்கை செய்து, கனடாவிலே பெரும் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தின. போர் முடிவதற்குள் 1,31,000க்கு மேற்பட்ட விமானப்படையினர் அங்கே பயின்று வெளியேறினர். செலவு முழுவதும் அரசுகளுடையது. நம் நாட்டிலும் அப்படியே. 1951இல் ராயல் சிலோன் விமானப்படை தோன்றியது. 1957இல் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தைக் கையளித்துச் சென்றனர். 1959இல் ஜெட் ப்ரொவோஸ்ட் என்னும் ஜெட் பயிற்சி விமானங்கள் இந்நாட்டுக்கு வந்தன. அவற்றில் ஏறிப் பழகிய நம் நாட்டு இளைஞர் பணம் கொடுக்கவில்லை; இத்தனை ஆண்டு சேவை செய்வோம் என்ற கடப்பாட்டைக் கொடுத்தனர். குண்டு போடுவதற்கு ஆள் பழக்கும்போது செலவை ஏற்பதற்கு ஒருவர் இருந்தார். பயணிகளைப் பத்திரமாகக் கொண்டுசேர்ப்பதற்கு ஆள் பழக்கும்போது அந்த ஒருவர் எங்கே போனார் என்று கேட்கத் தோன்றுகிறது.

இனிப் பயிற்சி எவ்வாறு நடைபெறுகிறது என்பதைச் சற்று விளக்குவது அவசியம். விளக்காவிட்டால் வழக்கு விளங்காது.

முதலில் சிறு விமானத்தில் பழகி, ஏறத்தாழ 200 மணிநேரம் பறந்து, பல பாடங்களில் எழுத்துப் பரீட்சை தேறி, வணிக விமானமோட்டிக்குரிய அனுமதிப்பத்திரத்தைப் பெறவேண்டும். முகிலுக்குள்ளும் இரவிலும் கருவிகளை மாத்திரம் நம்பிப் பறக்கும் தகுதியையும், இரண்டு எஞ்சின் உள்ள விமானத்தை ஓட்டும் தகுதியையும் அதனுடன் சேர்த்துக்கொள்ளவேண்டும். இரத்மலானையிலும் இதற்குப் பள்ளிகள் உண்டு. இந்தியாவுக்கும் அதற்கு அப்பாலும் போய்ப் படிப்பவர்களும் உளர். இன்றைய விலையில் இவ்வளவையும் முடிக்க ஒரு கோடி ரூபா வரை ஆகிவிடக்கூடும். இந்தச் செலவைப் பெரும்பாலும் குடும்பமே சுமக்கிறது. இஃது முதற்படி.

இந்த அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு ஜெட் விமானத்தின் அருகே போகவும் முடியாது. லொறி ஓட்டத் தெரிந்தவர் எந்தக் கம்பனி லொறியையும் ஓட்டிவிடுவார். ஜெட் விமானத்தில் அந்த வழக்கம் இல்லை. எயர்பஸ் 320 என்றால் அதற்கென்று ஒரு பயிற்சி, போயிங் 737 என்றால் அதற்கென்று வேறொரு பயிற்சி. இதனை டைப் ரேட்டிங் என்பர். வகுப்பறையில் அவ்விமானத்தின் எரிபொருள், மின்சாரம், நீரியல் அமைப்பு எல்லாவற்றையும் படித்து, பின்பு சிமுலேட்டர் என்னும் பொய்விமானத்துள் உட்கார்ந்து, எஞ்சின் தீப்பிடித்தல், காற்றழுத்தம் இழத்தல் முதலிய ஆபத்துக்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தித்துப் பழகவேண்டும். ஏழெட்டுக் கிழமையில் முடிந்துவிடும். முடிந்தபின் மெய்யான விமானத்தில் சில முறை ஏறி இறங்கி, அதற்கும் பின்பு ஒரு பயிற்சிக் கப்டனின் அருகிலிருந்து பயணிகளுடன் பறந்து பழகவேண்டும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. இந்தத் தகுதி ஓராண்டுக்கே செல்லும். ஆண்டுதோறும் சிமுலேட்டரில் பரீட்சை கொடுத்துப் புதுப்பிக்கவேண்டும். வேலையில் இருப்பவருக்குக் கம்பனி அதனைச் செய்துகொடுக்கும். வேலையில்லாதவர் தாமே பணங் கட்டிப் புதுப்பிக்கவேண்டும். இல்லையேல் அது காலாவதியாகிப் போகும். சர்வகலாசாலைப் பட்டம் சுவரில் தொங்கினால் தொங்கியபடியே இருக்கும். இந்தத் தகுதியோ ஐஸ் போடாத மீனைப் போன்றது.

விலை நிலையத்துக்கு நிலையம் வேறுபடும். கணக்குக்காக 25,000 அமெரிக்க டொலர் என்று வைத்துக்கொள்வோம். கூடக் கேட்பாரும் உளர். முதற்படிக்குக் கோடி ரூபா செலவழித்த குடும்பத்திடமே இந்த இரண்டாம் படிக்கும் பணம் கேட்கப்படுகிறது. நமது வாதம் இந்த இரண்டாம் படியைப் பற்றியது.

நம் தோழர் ஒருவரின் தமையனாரின் கதையைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம்; இந்தச் சபையில் அவரை அறிந்தவர் பலர் இருப்பர். 2019இல் அவர் வணிக அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுக்கொண்டு வந்தார். தகப்பனார் நிலாவெளிப் பக்கத்திலிருந்த தென்னங்காணியை விற்றிருந்தார். தாயாரின் நகை வங்கியில் இருந்தது. கம்பனி ஒன்றிற்கு விண்ணப்பித்தபோது, டைப் ரேட்டிங் இருந்தால் வாரும் என்றார்கள். அதற்குப் பணம் சேர்த்துக்கொண்டிருக்கையில் 2020இல் கொரோனா வந்தது. உலகமெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. வானம் மீண்டும் திறந்த வேளையில் 2022ஆம் ஆண்டு பிறந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360 ரூபா. சபையோரே, நீங்களே பெருக்கிப் பாருங்கள். 50 இலட்சமாக இருந்த பயிற்சிச் செலவு, ஒரு திருகாணிகூட விலையேறாமல், மூன்றே மாதத்தில் 90 இலட்சமாயிற்று. ரூபா பின்னர் ஓரளவு மீண்டது. பழைய இடத்துக்கு வரவில்லை. அந்தத் தமையனார் இன்று ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறார். நன்றாக ஆங்கிலம் பேசுகிறார் என்று முதலாளி மெச்சுகிறாராம்.

இந்த வழக்கம் எப்பொழுதும் இருந்ததன்று. பிரித்தானியாவின் இரண்டு அரச விமானக் கம்பனிகளும் கூடி 1960இல் ஹாம்பிள் என்னும் இடத்தில் தமக்கென ஒரு விமானப் பயிற்சிக் கல்லூரியைத் திறந்தன. பள்ளிப் படிப்பு முடித்த பையனை எடுத்து, தாமே பழக்கி, தம் விமானத்தில் ஏற்றின. 1980களின் தொடக்கத்தில் அக்கல்லூரி மூடப்பட்டது. பின்னர் மலிவுக் கட்டணக் கம்பனிகளின் காலம் வந்தது. டிக்கெட்டின் விலையைக் குறைக்கவேண்டுமானால் எங்கெங்கே செலவைத் தள்ளிவிடலாம் என்று கணக்குப் பார்த்தவர்கள், பயிற்சிச் செலவைப் பழகுபவன் தலையில் தள்ளினர். அயர்லாந்தின் ரையன்எயர் புதியவர்களிடம் பல ஆண்டுகளாக ஏறத்தாழ 30,000 யூரோ அறவிட்டது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட், போயிங் 737 தகுதியைத் தாமே தேடிக்கொண்டு வருபவரையே நீண்டகாலம் சேர்த்தது. பிற்காலத்தில் அதனைக் கைவிட்டது.

இதனிலும் கேடான ஒன்று ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் நடந்தது. தகுதி பெற்றும் அனுபவமில்லாதவர்களுக்குச் சில நூறு மணிநேரப் பறப்பைப் பொதிகட்டி விற்றனர் இடைத்தரகர். வலப்பக்க ஆசனத்தில் தங்கப்பட்டி அணிந்து உட்கார்ந்திருக்கும் துணை விமானமோட்டி சம்பளம் வாங்குபவரல்லர். பின்னால் இருக்கும் பயணியைப் போலவே அவரும் காசு கொடுத்து ஏறியவர். உழைக்க வந்தவனிடம் கூலி வாங்கும் தொழில் வேறெங்கேனும் உண்டா என்று நாம் யோசித்துப் பார்த்தோம். உப்புவெளிக் கரையில் இல்லை. கரைவலைச் சம்மாட்டிக்குப் பாடும் அவருடையது, வள்ளமும் அவருடையது, வலையும் அவருடையது. வலை இழுக்கப் புதிதாக வரும் பையனுக்குப் பங்கு குறைவாகக் கொடுப்பார், ஏசவும் ஏசுவார். ஆனால் என் வலையில் பழகுவதற்கு நீ எனக்குப் பணந் தா என்று எந்தச் சம்மாட்டியும் கேட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

கம்பனிகளின் பக்கத்தையும் கேட்கவேண்டும். ஒருபக்கம் பேசித் தீர்ப்பளிப்பது பாடசாலை விவாத மேடைக்குச் சரி, இங்கே சரியாகாது.

கேரி பெக்கர் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மனித மூலதனத்தைப் பற்றி 1964இல் ஒரு நூல் எழுதினார். பயிற்சி இரு வகை என்பது அதிலே அவர் செய்த பாகுபாடு. ஒரு கம்பனிக்குள்ளே மாத்திரம் பயன்படும் பயிற்சி ஒன்று. எங்கும் கொண்டுபோய் விற்கக்கூடிய பயிற்சி மற்றொன்று. முன்னையதன் செலவில் கம்பனி பங்கெடுக்கும். பின்னையதன் செலவைத் தொழிலாளியே ஏதோ ஒரு வகையில் ஏற்க நேரும், ஏனெனில் அவன் நாளைக்கே அதனைப் பக்கத்துக் கடையில் விற்றுவிடலாம். இதைப் படித்தபோது நாம் சற்றுத் திகைத்தோம். எயர்பஸ் 320 ஆயிரக்கணக்கில் உலகமெங்கும் பறக்கிறது. ஆகவே அதனை ஓட்டும் தகுதி எங்கும் விலைபோகும் தகுதியே. பெக்கரின் கணக்குப்படி பழகுபவர் பணங் கட்டுவதுதான் முறை என்றாகிறது.

இது ஏட்டளவிலான அச்சமும் அன்று. 2022ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் விமானமோட்டிகள் பலர் வளைகுடா நாடுகளுக்கும் பிற இடங்களுக்கும் சென்றுவிட்டனர். 2023இல் ஆள் பற்றாக்குறை பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. சென்ற மாதம் இப்பேச்சைத் தயாரித்துக்கொண்டிருக்கையில், நம் ஊர்ப் பெரியவர் ஒருவர், இளைப்பாறிய எழுதுவினைஞர், நம்மை மறித்துக் கேட்டார்: "தம்பி, சனத்தின்ரை வரிக்காசிலை ஓடுற கம்பனி. அது செலவழிச்சுப் பழக்க, அவர் டுபாய்க்குப் பறக்க, நாங்கள் என்ன கைதட்டுறதோ?" நாம் உடனே விடை சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்தோம்.

யோசித்ததில் பட்டது இது. ஐயா கேட்ட கேள்வி வைத்தியருக்கும் பொருந்தும். கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி வந்தது. அதனால் உருவான வைத்தியர் எத்தனையோ பேர் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கின்றனர். அதற்காக மருத்துவக் கல்லூரியில் கட்டணம் வாங்கு என்று ஐயாவும் சொல்லமாட்டார். அரசு வேறொரு வழியைக் கண்டிருக்கிறது. மேற்படிப்புக்கு அரசச் செலவில் வெளிநாடு போகும் வைத்தியரும் விரிவுரையாளரும் பிணைமுறி எழுதிக் கொடுத்துவிட்டே போகின்றனர். திரும்பிவந்து இத்தனை ஆண்டு வேலை செய்யவேண்டும். செய்யாவிடில் பணத்தைக் கட்டவேண்டும். விமானப்படையிலும் இதுவே வழக்கம். சிங்கப்பூரிலும் இதுவே. அந்நாட்டு விமானக் கம்பனி 1988இல் தனக்கென ஒரு பறப்புக் கல்லூரியை நிறுவி, பயிலுநரைத் தன் செலவில் பழக்கி, பல ஆண்டுப் பிணையில் சேர்த்துக்கொண்டது. நம் தமிழ்ப் பிள்ளைகள் வாழும் நாடு அது. தகப்பன் பணக்காரனா என்ற கேள்வி அங்கே முதலில் எழவில்லை.

ஆகவே பெக்கர் சொன்ன அச்சத்துக்குப் பிணைமுறி என்ற மருந்து இருக்கிறது. பயிற்சியை முன்கூட்டியே விற்பது ஒன்றே மருந்தன்று. ஆனால் மருந்தும் அளவோடிருக்கவேண்டும். மறுபடியும் கரைவலைக்கு வருவோம். வலைக்காரனுக்கு முற்பணம் கொடுத்து, அந்த முற்பணம் தீராதபடி பார்த்துக்கொண்டு, வருடக்கணக்காக அவனைத் தன் பாட்டிலேயே கட்டிவைக்கும் சம்மாட்டிமாரும் உண்டு என்று நம் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். விமானக் கம்பனியின் பிணையும் அவ்வாறு ஆகிவிடலாம். ஏழெட்டுக் கிழமைப் பயிற்சிக்கு ஏழெட்டு ஆண்டு கட்டிவைப்பது நீதியாகாது. மூன்று ஆண்டு போதும் என்பது நமது அபிப்பிராயம். அதுவும் வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் கடன் முப்பத்தாறில் ஒரு பங்காகக் குறைந்துகொண்டு வரவேண்டும். கம்பனியே ஆளை நிறுத்தினால், அல்லது கம்பனியே மூடிப்போனால், பிணை அந்நாளிலேயே அறுந்துவிடவேண்டும்.

கம்பனி மூடிப்போவது கற்பனையல்ல. இந்தியாவில் 2003க்குப் பின் மலிவுக் கட்டண விமானங்கள் பெருகியபோது, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிள்ளைகளைப் பறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பின. 2012இல் கிங்ஃபிஷர் நின்றது. 2019 ஏப்ரலில் ஜெட் எயர்வேஸ் நின்றது. ஜெட் எயர்வேஸில் பெரும்பாலும் ஓடியது போயிங் 737. அது நின்ற மாதத்தில் கைப்பணம் கட்டி அந்த வகையில் தகுதி பெற்றவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். அனுபவமுள்ள நூற்றுக்கணக்கானோர் அதே தகுதியோடு தெருவில் நிற்க, புதியவனை யார் கூப்பிடுவார்? எந்த விமானம் எத்தனை வாங்கப்படும், எந்தக் கம்பனி நிலைக்கும் என்பதைக் கம்பனி நடத்துபவர் ஓரளவு அறிவர். இருபது வயதுப் பிள்ளை அறியமாட்டான். அறியாதவன் தலையில் நட்டத்தைக் கட்டுகிறார்கள். பணத்தின் அளவைவிட இதுவே நமக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

இப்பொழுது, விமானமே ஏறாதவரும் கவலைப்படவேண்டிய பகுதிக்கு வருகிறோம். சபையில் உள்ள அநேகர் ஏறுபவர்களே. கனடாவில் மகள், லண்டனில் தம்பி என்று எல்லா வீட்டிலும் உண்டு.

2009ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆந் தேதி இரவு, அமெரிக்காவில் நியூவாக்கிலிருந்து பஃபலோவுக்குச் சென்ற கொல்கன் எயர் விமானம் வீடொன்றின் மேல் விழுந்தது. மொத்தம் ஐம்பது பேர் மாண்டனர். கப்டன் ஆபத்து நேரத்தில் பிழையாகக் கையாண்டதே காரணம் என்று விசாரணை முடிந்தது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவ்விசாரணையில் வெளிவந்த வேறொரு செய்தி அந்நாட்டையே உலுக்கியது. இருபத்துநான்கு வயதுத் துணை விமானமோட்டிக்கு ஆண்டு வருமானம் ஏறத்தாழ 16,000 டொலர். வேலைசெய்யும் நகரில் வீடெடுக்க வசதியின்றி, நாட்டின் மறுகரையிலுள்ள பெற்றோர் வீட்டிலிருந்து இரவெல்லாம் பயணஞ்செய்து வேலைக்கு வந்திருந்தார் அப்பெண். அவருக்குத் தடிமன் வேறு. வீட்டில் நின்றிருக்கலாமே என்று சொல்வது எளிது. 2010இல் அமெரிக்கப் பேரவை சட்டம் இயற்றி, 2013 முதல் துணை விமானமோட்டிக்கும் பொதுவில் 1,500 மணிநேர அனுபவம் வேண்டும் என்றாக்கியது. அந்த மணிநேரங்களுக்கு யார் பணங் கட்டுவது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. மறுபடியும் பிள்ளையின் தலையிலேயே விழுந்தது!

மற்றொன்றைச் சொல்லத் தயக்கமாயிருக்கிறது, ஆயினும் சொல்லவேண்டும். 2015 மார்ச்சு 24ஆந் தேதி ஜேர்மன்விங்ஸ் விமானம் பிரான்சின் மலையில் மோதியதில் 150 பேர் இறந்தனர். மனநோய்க்கு ஆளான துணை விமானமோட்டியே வேண்டுமென்று மோதினார். அக்கொடுமைக்குக் கடன் காரணம் என்று கூறுவது மடமை. நாம் அப்படிக் கூறவில்லை. ஆனால் நோயுற்ற ஒருவர் அதை ஏன் சொல்லாது மறைத்தார் என்பதை பிரெஞ்சு விசாரணையாளர் ஆராய்ந்தபோது, பறக்கும் உரிமையை இழந்துவிடுவோமென்ற அச்சத்தையும், வருமானம் நின்றால் காக்கும் காப்புறுதி இல்லாமையையும் தம் அறிக்கையில் எழுதினர். பயிற்சிக்காக அவர் ஏறத்தாழ 41,000 யூரோ கடன்பட்டிருந்ததும் அதிலே இருக்கிறது.

விமானமோட்டிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் மிகப் பெரிய அதிகாரம், முடியாது என்று சொல்லும் அதிகாரம். எனக்குச் சுகமில்லை, நித்திரை போதவில்லை, இந்தக் காற்றில் இறக்கமாட்டேன், இந்தக் கோளாறுடன் கிளப்பமாட்டேன் என்று அவர் சொல்லலாம், சொல்லவேண்டும். 90 இலட்சம் கடனோடு, தாயின் தாலிக்கொடி அடகிலிருக்க, பறந்தால்தான் சம்பளம் என்ற ஒப்பந்தத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் வாயில் வருமா? சிலருக்கு வரும். எல்லாருக்கும் வருமென்று நம்பி நம் பிள்ளைகளை விமானத்தில் ஏற்றலாமா? பயிற்சிச் செலவைக் கம்பனியே ஏற்கவேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவே தலையாய காரணம். ஏழைக்கு இரங்குங்கள் என்று நாம் கேட்கவில்லை. பயணியின் உயிரைக் காப்பதற்காகக் கேட்கிறோம்.

பணமுள்ளவர் மாத்திரமே வரும் தொழிலில் திறமையுள்ளவர் எல்லாரும் வரமாட்டார் என்பது வெளிப்படை. கடன் கொடுக்கலாமே என்பார்கள். வங்கி கடன் கொடுக்கும். காணி உறுதியைக் கேட்கும். எங்கள் மாவட்டத்தில் எத்தனை குடும்பங்களிடம் உறுதி இருக்கிறது? 1983இலும் 1990இலும் ஓடியபோது பெட்டியோடு போனவை எத்தனை! எஞ்சியவற்றில் 2004 டிசெம்பர் 26ஆந் தேதி கடல் கொண்டுபோனவை எத்தனை! அதே கணிதத்தில் அதே பௌதிகத்தில் கொழும்புப் பிள்ளைக்குச் சமமாகப் புள்ளி எடுத்த உப்புவெளிப் பிள்ளை, ஈடுவைக்க ஒரு கடதாசி இல்லாததால் கரையில் நிற்கவேண்டியிருக்கிறது. பையன்களைப் பற்றியே பேசுகிறோம் என்று பின்வரிசைச் சகோதரிகள் முணுமுணுப்பது கேட்கிறது. மகளின் சீதனத்துக்கு வைத்த காசை அவளின் பறப்புப் பயிற்சிக்குக் கொடுக்கும் தகப்பன் எத்தனை பேர் என்று அவர்களே கணக்கெடுத்துச் சொல்லட்டும்.

காற்று மாறுவதற்கு அறிகுறி இல்லாமலில்லை. பிரிட்டிஷ் எயர்வேஸ் 2023இல் ஸ்பீட்பேர்ட் என்ற பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பம் கோரியது. ஒருவருக்கு ஏறத்தாழ 100,000 பவுண் ஆகும் செலவைக் கம்பனியே ஏற்பதாக அறிவித்தது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகள் மாத்திரமே வருகிறார்கள் என்ற குறையை நீக்குவதும் அதன் நோக்கம் என்றனர். முதலில் எடுத்தது அறுபது பேரளவில்தான். ஆயினும் ஹாம்பிளை மூடிய நாடு சுற்றிவந்து அதே வாசலில் நிற்கிறது.

நம் நாட்டில் ஸ்ரீலங்கன் எயர்லைன்ஸ் பொதுமக்களின் பணத்தில் நிற்பது. 2022 முதல் ஃபிட்ஸ் எயர் என்ற தனியார் கம்பனியும் எயர்பஸ் 320 விமானங்களுடன் வெளிநாட்டுக்குப் பறக்கத் தொடங்கியது. ஜெட் விமானத்தின் வாசற்படி இங்கே மிகச் சில. ஆகையால் இங்கே ஒழுங்கு செய்வதும் எளிது. ஆளைத் தெரிவுசெய்தபின் பயிற்சி. பயிற்சிக்குக் கம்பனியின் பணம். பணத்துக்கு மூன்றாண்டுப் பிணை. இதனை எழுத்தில் கேட்பதற்கு நம் பிரதிநிதிகளுக்கு ஒரு முத்திரைக்கூலி போதும்.

அதுவரைக்கும், பறக்க ஆசைப்படும் தம்பி தங்கையருக்கு, அந்தத் தமையனார் நம்மிடம் சொல்லியனுப்பிய சிலவற்றைச் சொல்லிவிட்டு அமர்கிறோம். முதலில் வைத்தியப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணிலோ காதிலோ குறையிருந்து, பணங் கட்டியபின் அது தெரியவருவதில் பயனில்லை. பள்ளிக்குப் பணத்தை முழுவதாக ஒரே தடவையில் கட்டாதீர்கள்; பள்ளிகளும் மூடிப்போகின்றன. எழுத்தில் வேலை வாக்குறுதி கையில் இல்லாமல், எந்த வகை விமானத்துக்கும் டைப் ரேட்டிங்கை உங்கள் காசில் வாங்காதீர்கள். ஏஜென்சிக்காரர் வாயால் சொல்வது வாக்குறுதியன்று. பிணைமுறியில் கையெழுத்து வைக்குமுன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

அவர் தமது வைத்தியச் சான்றிதழைப் புதுப்பிப்பதற்காக வருகிற வாரம் இரவு ரயிலில் கொழும்புக்குப் போகிறார். அனுமதிப்பத்திரத்தை இன்னும் விட்டுவிடவில்லை. அவரிடம் ஏதேனும் கேட்க விரும்புவோர் விழா முடிந்ததும் நம்மைச் சந்தித்தால் அழைத்துச் செல்வோம்.